மூன்றாவது வளைவில் அரை நொடி

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. உரிமமும் எடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஒரு கார் பந்தயக் கணினி விளையாட்டை மதிப்பிட்டு, அசலைப் போலவே இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

நீங்கள் அனுப்பிய தாளில் ஒரே கேள்விதான் இருந்தது: புதிய பதிப்பில் டயர் எண்ணை மாற்றியது யார்? பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டிருந்தீர்கள். மாற்றியது நான்தான். வரி அத்தோடு நிரம்பிவிட்டது. மிச்சத்தை இந்தத் தனித்தாளில் எழுதுகிறேன்.

நீங்கள் நிர்வாகத்துக்குப் புதியவர். அதனால் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் விளையாட்டில் வரும் கார்கள் வெளியே பார்க்க வீட்டுக் கார் மாதிரியே இருக்கும். உள்ளே ஓர் இரும்புக் கூண்டும் ஒரே ஒரு இருக்கையும்தான். அப்படி நாற்பது கார்கள் ஒரு நீள்வட்டப் பாதையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுற்றும். திரையில் ஓடும் கார் நிஜக் காரைப் போல நடந்துகொள்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இயற்பியல் படித்தவள். ஓட்டத் தெரியாது, அளக்கத் தெரியும்.

ஓட்டத் தெரிந்தவர் ஒருவரையும் வைத்திருந்தோம். பதினைந்து வருடம் பந்தயம் ஓட்டிவிட்டு, முதுகு கெட்டுப்போனதால் நிறுத்தியவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன். வியாழக்கிழமைதோறும் வருவார். சோதனை அறையில் நிஜ இருக்கையும் நிஜ ஸ்டீயரிங்கும் மூன்று பெரிய திரைகளும் வைத்து ஒரு மேடை இருக்கிறது. முதல் வாரம் என்னை அதில் உட்கார வைத்தார்.

"அண்ணா, இண்டிகேட்டர் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நாள் பூரா இடது பக்கம் மட்டும்தாம்மா திரும்புவோம். பின்னால வர்றவனுக்கு அதுகூடவா தெரியாது?"

அன்றிலிருந்து நான் டீச்சரம்மா. "லைசென்ஸ் இல்லாத டீச்சரம்மா, இன்னைக்கு எனக்கு எத்தனை மார்க்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவரிடம் பேசினேன்.

இனி அந்த எண். கார் வழுக்கத் தொடங்கிய பிறகும் டயரில் கொஞ்சம் பிடி மிச்சம் இருக்கும். எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லும் எண் அது. சரியான எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு உண்மையான ஓட்டம் ஒன்றின் பதிவு வேண்டியிருந்தது. பந்தயப் பாதைக்காரர்கள் கொடுத்த பழைய பதிவுகளுக்குள் ஒரு விபத்து இருந்தது. வேகம், ஸ்டீயரிங், பிரேக், ரேடியோவில் குரல் வந்த நேரம் எல்லாம் நொடிக்கு நூறு முறை பதிவாகியிருந்தது. அவ்வளவு சுத்தமான பதிவு வேறெதுவும் இல்லை. எண்ணை 0.71 என்று வைத்து அதை ஓடவிட்டால், நிஜத்தில் மோதிய அதே இடத்தில், ஒரு மீட்டர்கூட விலகாமல், கார் சுவரில் மோதியது. வேறெந்த எண்ணும் அப்படிப் பொருந்தவில்லை.

அந்தக் காரை ஓட்டியவர் அண்ணனின் தம்பி. எனக்கு அது தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் மூன்றாவது வளைவில் இறந்துபோனார்.

இந்தப் பந்தயத்தில் ஓட்டுபவருக்குத் தலையைத் திருப்பிப் பக்கத்தில் பார்க்க வழியில்லை. அவருக்காக ஓர் ஆள் பார்வையாளர் மாடத்தின் கூரையில் நின்று ரேடியோவில் வழி சொல்வார். உள்ளே ஆள் இருக்கிறது, மேலே காலி, இப்படி. மேலே என்றால் சரிவான பாதையின் வெளி ஓரம். அன்று கூரையில் நின்றவர் அண்ணன். முன்னால் ஒரு கார் சுழன்றது. "மேல போ" என்றார். தம்பி மேலே போனார். மேலே சுவர்.

யார் மீதும் குற்றமில்லை என்று அப்போதைய விசாரணை முடிந்தது. அவர் அதை நம்பினாரா என்று தெரியாது. நம்பிய மாதிரி வாழ்ந்துகொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் தம்பி மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போவார். "பெரியப்பாவைவிட நான் வேகமாம். தண்ணிக்குள்ளதான், ஒத்துக்கிட்டேன்" என்பார்.

0.71 வேண்டாம் என்றது வடிவமைப்புக் குழுத் தலைவர். "புதுசா வாங்குறவன் மூணு சுத்துக்குள்ள பத்து தடவை சுவத்துல முட்டினா, தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாம்மா." நியாயமான பேச்சு. 0.86 என்று வைத்தார்கள். கார் தானாகவே கொஞ்சம் சமாளித்துக்கொள்ளும். விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் விளையாட்டுப் பெட்டியின் அட்டையில் "அளந்து சரிபார்த்த அசல் டயர்" என்று போடுவதற்கு என் கையெழுத்து தேவைப்பட்டது. கூட்டத்தில் பதினோரு பேர். "என்னம்மா, எல்லாம் அசல்தானே?" என்று தலைவர் கேட்க, பதினோரு தலைகளும் என் பக்கம் திரும்பின. நாலு பேர் பார்த்தாலே எனக்கு மறுத்துப் பேச வராது. "ஆமா சார்" என்றேன். அசல்தன்மைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு போட்டேன். அந்தக் கையெழுத்தால் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. இதைக் கவனத்தில் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கல்லூரி ஆய்வகத்தில் எந்தக் குப்பியை எடுத்தாலும் முதலில் தேதியை எழுதி ஒட்டச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. விபத்துப் பதிவுக்கும் அதன் தேதியையே பெயராக வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் மேடையிலிருந்து அழித்திருக்கலாம். நல்ல பதிவை அழிக்க மனம் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை, பட்டியலை உருட்டிக்கொண்டிருந்த அண்ணனின் விரல் அதன்மேல் நின்றது.

"டீச்சரம்மா, இந்தத் தேதி..."

"ஆமாண்ணா."

விரலை அங்கிருந்து அவர் எடுக்கவில்லை. "ஓட்டிப் பாக்கலாமா?"

"பாருங்கண்ணா."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை என்பது பொய். அவர் எப்படி ஓட்டுவார் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

விபத்துக்கு ஒன்பது நொடி முன்பு தொடங்கும்படி வைத்திருந்தேன். முதல் நான்கு முறையும் மோதினார். ஐந்தாவது முறை, அன்று தன் குரல் போன நேரத்துக்கு அரை நொடி முன்பே ஸ்டீயரிங்கைத் திருப்பினார். கார் தடுமாறியது. பிறகு பிடித்துக்கொண்டது. சுவருக்கும் சுழன்ற காருக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி கடந்து போய்விட்டது.

ஸ்டீயரிங்கை விடாமலே கேட்டார். "அரை செகண்டு. நான் அரை செகண்டு முன்னாடி சொல்லியிருந்தா..."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது அசல்தானேம்மா? நீதானே பாத்துக் கையெழுத்துப் போட்ட?"

அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார். பதினோரு பேர் இல்லை.

"ஆமாண்ணா" என்றேன்.

அவர் போனதும், மேடையில் 0.86 ஆக இருந்த எண்ணை 0.71க்கு மாற்றி ஓட்டிப் பார்த்தேன். அரை நொடி முன்பு திருப்பினால் மோதியது. ஒரு நொடி முன்பு, மோதியது. இரண்டு நொடி முன்பும் மோதியது. முன்னால் இருந்த கார் சுழல்வதற்கு முன்பே தம்பியின் பின் டயர்கள் பிடியை விட்டிருந்தன. யார் என்ன சொல்லியிருந்தாலும் அந்தக் காரைக் காப்பாற்றியிருக்க முடியாது. முடிவை அச்சிட்டு, தேதி போட்டு, இழுப்பறையில் வைத்தேன். அடுத்த வியாழன் காட்டலாம் என்று.

அடுத்த வியாழன் அவர் எத்தனை மார்க்கு என்று கேட்கவில்லை. நேராகப் போய் மேடையில் உட்கார்ந்து அந்தத் தேதியை எடுத்தார். அப்படியே ஐந்து வாரம். ஐம்பது ஓட்டத்தில் நாற்பத்தொரு முறை தம்பியைக் காப்பாற்றினார். எண்ணிக்கை துல்லியமானது, நான் குறித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை கார் தப்பிக்கும்போதும் அவர் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கும். தாள் இழுப்பறையில் இருந்தது. அதைக் காட்டினால் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறகு அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று யோசித்தேன்.

ஐந்தாவது வாரம் எழுந்து கையுறையைக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமை தம்பி வீட்டுக்குப் போறேம்மா. அவன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிடணும். யார் மேலயும் தப்பில்லன்னு நினைச்சுக்கிட்டு ஆறு வருஷமா எனக்குச் சோறு போடுறா."

என் நாற்காலியிலிருந்து இழுப்பறை ஒரு முழம்.

"சரிங்கண்ணா, பாத்துப் போயிட்டு வாங்க" என்றேன்.

அங்கே நடந்ததை அவரே சொன்னார். தம்பி மனைவி கத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இனிமே வராதீங்க மாமா" என்று மட்டும் சொன்னாளாம். உள்ளேயிருந்து பெண் குழந்தை, "யாரும்மா, பெரியப்பாவா? இன்னைக்கும் நீச்சலா? துண்டு எடுத்துட்டு வரவா?" என்று கேட்டதாம். கதவு மூடிக்கொண்டது. சனிக்கிழமைகளில் இப்போது அவர் எங்கும் போவதில்லை.

அதற்குப் பிறகுதான், யாரிடமும் கேட்காமல், புதிய பதிப்பில் 0.71 என்று மாற்றினேன். காரை இனிமேல் காப்பாற்றவே முடியாது என்று கண்டால், அவரே புரிந்துகொள்வார் என்று கணக்குப் போட்டேன். நான் வாய் திறக்க வேண்டியிருக்காது.

அடுத்த வியாழன் அவர் மேடையில் முப்பது முறை ஓட்டினார். முப்பது முறையும் சுவர். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையும் போயிடுச்சும்மா" என்றார். "இப்பகூட அவனைக் காப்பாத்த முடியல பாரு."

எண் மாறியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. டீச்சரம்மா கையெழுத்துப் போட்ட எண் ஆயிற்றே. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வாக்கியத்தை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

கார் வழுக்குகிறது, அசலாக இல்லை என்று விளையாடுகிறவர்கள் புகார் எழுதியதால்தான் உங்களுக்கு இது தெரியவந்தது. இனி புகார் வராது. இன்று காலை எண்ணைப் பழையபடி 0.86க்கே மாற்றிவிட்டேன். நாளை வியாழக்கிழமை, அண்ணன் வருவார். முதல் ஓட்டத்திலேயே கார் தப்பித்துவிடும். கை போகவில்லை என்று தெரிந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இழுப்பறைத் தாளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதில் எதையும் அவருக்குக் காட்ட வேண்டாம். அவர் ஏற்கெனவே நிறையப் பட்டுவிட்டார்.