வலது பக்கம் பழகுதல்

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தவர் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குக் கப்பலில் போகிறவர். மற்றவர் அவருடைய அக்காள் கணவர்.

"ஒரு வாரமா வலது பக்கமாவே சைக்கிள் ஓட்டிப் பழகுறேன், மச்சான்."

"எங்க?"

"பொன்மலையில, ரயில்வே பட்டறை வாசல்ல."

"ஷிப்ட் விடுற நேரத்துலயா?"

"அப்பதானே எதிர்ல ஆள் வரும்."

"குவைத்துல மட்டும் ஏன் வலது பக்கம்?"

"இங்க வெள்ளைக்காரன் இடது பக்கம் ஓட்டினான், நாமளும் ஓட்டுறோம். அங்க அமெரிக்கா காருதான் நெறைய வந்துச்சாம். அதுல ஸ்டியரிங் இடது பக்கம். காருக்குத் தக்கபடி ரோடு."

"லீவுல இங்க வந்தா?"

"மறுபடி இடது பக்கம் பழகணும்."

"எத்தனை நாள் லீவு?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி நாப்பது நாள்."

காவேரிப் பாலம் முடியும்வரை மச்சான் விரல்விட்டு எண்ணினார்.

"இடது பக்கம் பழகுறதுக்குள்ள லீவு முடிஞ்சு கப்பல் ஏறிடுவே" என்றார்.