பதினோரு முறை கேட்ட போன்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி பரவாயில்லை, சார். எங்கள் ஆபீஸ் நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் முதுகு போய்விடும்.

போன் கம்பெனியில் என் வேலை சிக்னலைப் பங்கு பிரிப்பது. மேட்டுத் தெருவுக்குப் பெரிய டவரின் சிக்னல் நேராக எட்டாது. நடுவில் ஒரு ரிலே கம்பம் வாங்கிக் கைமாற்றிவிடும். அதில் இடம் குறைச்சல். ஒரு வினாடியைத் துண்டு துண்டாக்கி, எந்த போனுக்கு எத்தனை துண்டு என்று நாங்கள்தான் வைக்கிறோம். யார் யாரை அழைக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எந்த போன் இடம் கேட்கிறது என்பது மட்டும் தெரியும். ஒட்டுக்கேட்கும் புத்தி எனக்குக் கிடையாது.

என் மனைவி கோபித்துக்கொண்டு, மகளோடு மேட்டுத் தெருவில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வாரம். எனக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை. ஆனால் தினமும் மதியம் அவள் போன் அரை மணி நேரம் இடம் பிடித்தது. யாரோடு? எவனோ ஒருவன் இருக்கிறான் என்று முடிவு கட்டினேன். நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. அவள் போனை வரிசையின் கடைசிக்குத் தள்ளினேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து தெருவில் மற்ற எல்லோருக்கும் லைன் பளிச்சென்று கிடைத்தது.

வியாழக்கிழமை மதியம் அந்த போன் நான்கு நிமிடத்தில் பதினோரு முறை இடம் கேட்டது. அப்படி என்ன தலைபோகிற பேச்சு? நடுவிலேயே பங்கைப் பூஜ்யமாக்கினேன்.

பக்கத்து மேஜைப் பெண் என் திரையை எட்டிப் பார்த்தாள். "மேட்டுத் தெருவுல ஒருத்தங்க விடாம கேக்குறாங்களே சார், கொஞ்சம் விடுங்களேன்."

"நிஜமாவே அவசரம்னா இன்னொரு தடவை கேப்பாங்க" என்றேன்.

கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. சாப்பிடப் போனேன்.

மகளுக்கு மூச்சுத் திணறல் என்று மாலையில்தான் தெரிந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லையாம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி மெயின் ரோடு வரை ஓடியிருக்கிறாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏழு வயது. எனக்கும் அழுகை வந்தது, சார்.

அவள் போனை எடுத்துப் பார்த்துவிட்டீர்கள். பதினோரு அழைப்பும் என் எண்ணுக்குத்தான் என்கிறீர்கள். ஆம்புலன்ஸ் அந்த மேட்டுக்கு வர முக்கால் மணி ஆகும், கார் வைத்திருக்கும் நான் பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று நம்பினாளாம். தினமும் மதியம் பிடித்த அந்த அரை மணி நேரம், பள்ளிக்குப் போகாத மகளுக்கு டீச்சர் போனில் எடுத்த பாடமாம்.

சரி, கையெழுத்துப் போடுகிறேன். பூஜ்யம் வைத்தது நான்தான். ஆனால் ஒன்று, சார்: அப்படியானால் அவனோடு பேச அவளிடம் இன்னொரு போன் இருந்திருக்க வேண்டும். அதை நீங்கள் இன்னும் தேடவே இல்லை.