ஏட்டையாவுக்குத் தொப்பி, அண்ணாச்சிக்குத் தக்காளி

ஷீல்டும் இல்ல கப்பும் இல்ல முஃபீத் தம்பி, ஒன் கடையில அடிக்க வேண்டியது காயின். ஆமா, கேரம் காயின் கணக்காத்தான் இருக்கும், ஆனா கேரம் கெடையாது. போக்கர். சீட்டு வெளாட்டு. படத்துல கோட்டு போட்டவன் மேச நடுவுல கூட்டித் தள்ளுவாம்லா, அந்தக் காயின். காயின்னு சொன்னது எங்க வீட்டுக்காரவிய காதுல விழப்பிடாது, சிப்ஸுன்னு சொல்லணுமாம். நீ ஏன் வாசலப் பாக்க? போலீஸ்லாம் வராது. போலீஸே எங்க வீட்டு மேசையிலதான் உக்காந்திருக்கு.

சொல்லுதேன், இரு. எங்க வீட்டுக்காரவியள ஒனக்குத் தெரியும்லா, கப்பல் குமரகுரு? கப்பல ஓட்டுன மாதிரி ஊருக்குள்ள ஒரு பேச்சு. கப்பல் சமையக்கட்டுல வெங்காயம் வதக்குனாவ. அந்தக் கப்பல்ல வெள்ளக்காரங்க சூதாட ஒரு ஹாலு உண்டாம், வேலக்காரங்க உள்ள போகப்பிடாதாம். போகப்பிடாதுன்னா நம்மாளு சும்மா இருப்பாவளா? எறங்குன ஊர்லலாம் கேசினோ காயினா தேடித் தேடி வாங்கிச் சேத்துட்டாவ. கூட வேல பாத்தவன் பொண்டாட்டிக்குச் சேலையும் செண்டும் வாங்கிட்டு வந்தான். எனக்கு ஒரு சூட்கேஸ் நெறையக் காயின் வந்துது. காட்மாண்டுவுக்குக் கப்பல் போவுமா தம்பி? அந்த ஊரு காயினும் கெடக்கு. கேட்டா கலெக்டர் பீஸுங்காவ. எந்தக் கலெக்டருன்னு நானும் கேக்கல.

ரிட்டையராயி வந்த பொறவு ஞாயித்துக்கிழமையானா ஆட்டம். இவிய, ஏட்டையா நயினார், பாவூர்சத்திரத்துல காய்கறி கமிஷன் கடை வச்சிருக்க இசக்கியப்பன் அண்ணாச்சி. ஆளு கொறையுதுன்னு நாலாவதா என்னைய உக்கார வச்சாவ. வச்சது தப்புன்னு இப்பம் மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கும்.

காசா? காசு எப்படி வைக்க? ஏட்டையா சர்வீஸ் பூரா குத்தாலத்துல லாட்ஜ் லாட்ஜா ஏறி, சீட்டாடுதவனக் கொத்தாப் பிடிச்சு எறக்குன மனுசன். அவரு முன்னால காசு வைக்க முடியுமா? அதனால தோத்த ஆளு ஜெயிச்ச ஆளுக்கு அருவிக்கரையில எண்ண தேச்சு விடணும். ஏட்டையா முதுகு நீ பாத்ததில்ல. அண்ணாச்சி பாட்டில் எண்ணையக் கவுத்தியும் பாதி முதுகு காஞ்சு கெடந்துதாம். நான் ஜெயிச்சா எனக்குப் பாத்திரம் தேச்சுத் தரணும். எங்க வீட்டுச் சட்டியெல்லாம் இப்பம் பளபளன்னு இருக்கு.

அதுலயும் ஆடுததுக்கு முந்தி ஒரு பூச உண்டு பாத்துக்கோ. காயின் ஒவ்வொண்ணும் வட்டமா ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள்ள கெடக்கும். இவிய அத வெளிய எடுத்து, வெல்வெட் துணியால தொடச்சு அடுக்குவாவ. ஓரத்தத்தான் பிடிக்கணும், நடுவுல தொட்டா மதிப்பு போயிருமாம். ஆமவடை தின்ன கைன்னா கிட்டயே வரப்பிடாது. ஏட்டையாவும் அண்ணாச்சியும் சோப்பு போட்டுக் கழுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைய நகம் காட்டுத மாதிரி கைய நீட்டிக்கிட்டு நிப்பாவ. இவிய திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ம், உக்காரும்பாவ.

அந்த ஆட்டந்தான் சாரல் தொடங்குனதுலேருந்து நின்னு போச்சு. எல்லாவனும் என் காயினத் தேய்க்கான், இனிமே எவனும் தொடப்பிடாதுன்னு ஒரு சத்தம். பெட்டியப் பூட்டி பீரோ மேல ஏத்தியாச்சு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வழக்கம்போல வந்து செருப்பக் கழட்டுதாவ. இவிய கட்டில்ல செவுரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதாவ. வந்தவிய நான் போட்ட காப்பியக் குடிச்சிட்டு, ஐந்தருவியில தண்ணி எப்படின்னு என்கிட்ட பேசிட்டுப் போறாவ. நான் என்ன அருவிக்கு வாச்மேனா?

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. வார ஞாயித்துக்கிழமை இவிய எந்திரிச்சு அந்த மேசைக்கு வரணும். அதுக்குத்தான் குடையப் பிடிச்சிக்கிட்டு ஒன் கடைக்கு வந்துருக்கேன்.

அந்த ரெண்டு பேரும் பெரிய ஆலோசனை பண்ணி ஒரு முடிவெடுத்துருக்காவ. அவன் காயின் அவன் பெட்டியிலயே பத்திரமா இருக்கட்டும், நாம நமக்குன்னு புதுசா காயின் அடிச்சுக்கிடுவோம், தேஞ்சா தேயட்டும். கேக்க நல்லாத்தான் இருந்துது. பொறவு படம் என்ன போடன்னு ஆரம்பிச்சாவ பாரு. ஏட்டையாவுக்குத் தொப்பி வேணுமாம். அண்ணாச்சிக்குத் தக்காளி வேணுமாம். சரி, ரெண்டையும் போடுங்கன்னேன். எது பெரிய காயினுன்னு அடுத்த சண்ட. தொப்பிதான் பெருசுன்னு ஏட்டையா. தக்காளிக்குத் தெனம் ஒரு மதிப்பு, காலையில சந்தைக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் ஆட்டத்தத் தொடங்கணும்னு அண்ணாச்சி. இந்த மூளைய வச்சிக்கிட்டு அந்த ரெண்டு பேரும் என்னைய ஜெயிக்கணும்.

எங்க, கம்ப்யூட்டர இங்கன திருப்பு. இது என்னது, தொப்பியச் சுத்திப் பூமாலை? ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு? ஏட்டையா உசுரோடதாம்பா இருக்காரு. அஞ்சலி போஸ்டரா அடிச்சு அடிச்சு ஒனக்குக் கை தானா அங்கன போவுது. எடு அத.

படத்த விடு. காயின் தடிமன் என்ன வரும், மாதிரி ஒண்ணு காட்டு. இவ்வளவுதானா? இத வெரல் நுனியில நோண்டித்தான எடுக்கணும். இதுல ரெண்டு பங்கு போட முடியுமா? எட என்ன வரும்? ஓரம் ஏன் இப்படி வழவழன்னு இருக்கு, சொரசொரன்னு வெட்டு போட்டு மாதிரிக்கு ஒண்ணு அடிச்சுக் காட்டேன். அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போவுது. பொண்ணா பாக்கப் போறோம்?

ரெடிமேடா வாங்குததா? அதயும் பாத்தாச்சு. அண்ணாச்சி போன்ல காட்டுனாரு. நெசமான கேசினோவுல ஆடிக் கழிச்சது, செட்டா விக்கான். இனி செல்லாதுன்னு நடுவுல ஓட்ட போட்டுருக்கு. செல்லாததுக்கு இம்புட்டு வெல. எந்தெந்த வெள்ளக்காரன் கையோ பட்டு ஓரம் பூராத் தேஞ்சு சோப்புத் துண்டு கணக்கா இருக்கும்னு படத்துலயே தெரியுது. எனக்கு அதுதான் ஆவாது.

எதுக்கு இம்புட்டுப் பாக்கேனா? நீ ஒருத்தன், கேட்டுட்ட.

காயின் தேஞ்சதுக்கு இவிய பெட்டியப் பூட்டல தம்பி. பங்குனியில ஒரு நாளு, காலையில சட்ட பித்தான் போட முடியலன்னாவ. வாய்வுன்னு நெனச்சு இஞ்சிச்சாறு குடுத்தேன். பக்கவாதம். நட வந்துட்டு, பேச்சும் வந்துட்டு, அது எங்க போவும், நல்லாவே வந்துட்டு. வலது கை வெரல்தான் வரல. ரோட்டுல போனா அந்தக் கைய வேட்டி மடிப்புக்குள்ள சொருகிக்கிடுதாவ, அதான் நீ பாக்கல. ஆஸ்பத்திரியில அமுக்க ஒரு பந்து குடுத்தாவ. நான் என்ன பச்சப்பிள்ளையான்னு தெருவுல எறிஞ்சிட்டாவ. ஆனா காயின மட்டும் எடுப்பாவ, அடுக்குவாவ, தள்ளுவாவ. வைத்தியம்னு நெனைக்காம அவிய பண்ணுன வைத்தியம் அது ஒண்ணுதான்.

ஆட்டம் நின்ன அன்னைக்குக் காயின் இவிய பிடிக்குள்ள நிக்காம நழுவி நழுவி விழுந்துது. ஏட்டையா நல்ல மனசுலதான், நீ சொல்லு குமரு, ஒனக்கும் சேத்து நானே வைக்கேன்னு எடுத்துத் தள்ளிட்டாரு. அப்பந்தான் அந்தச் சத்தம், என் காயினத் தொடாதன்னு. அந்த ரெண்டு பேருக்கும் அது காயின் மேல உள்ள பிரியம்னு தோணிட்டு. தொப்பியும் தக்காளியும் தூக்கிட்டு அலையுதாவ. நானும் விட்டுட்டேன். வெளக்கிச் சொன்னா அடுத்த வாரம் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு, மெதுவா எடு குமரு, மெதுவா எடுன்னுதான் உக்காந்திருப்பாவ. அதுக்கு இவிய செவுரப் பாத்தே படுத்துக் கெடக்கலாம்.

நீ மூஞ்சியத் தூக்காத. அந்தத் துண்ட எடு. வலது கையில நல்லாச் சுத்து, வெரலு தெரியப்பிடாது. ஆங். இப்பம் கண்ணாடி மேல கெடக்க அந்த மெல்லிசு காயின எடு பாப்போம். வரலியா? நழுவுதுல்லா? சரி, அதத் தள்ளி வை. அந்தத் தடியானத எடு, ஓரம் வெட்டுனத. அவசரப்படாத. தூக்கு.

கீழ போட்டுராத, அப்படியே பிடி. இன்னும் கொஞ்ச நேரம்.

ம், நிக்குது. இதையே அடி.