ஒன்பது வாசகர்கள்

புதிதாக எழுத வருகிறவனுக்கு முதல் வாரத்திலேயே யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாடிப்போவான். இது என் பதினோரு வருஷ அனுபவம். இன்ஸ்பெக்டர் மேடம், வலைப்பூ பக்கமே போனதில்லை என்று நேற்று சொன்னீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். நீங்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதைவிட நானே எழுதித் தருவது இரண்டு பேருக்கும் வசதி.

என் பெயர் ராஜாராமன். வயது ஐம்பத்தெட்டு. செம்பாக்கத்தில் சொந்த வீடு. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அரசாங்க உத்தியோகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன். ‘எட்டாவது பிளாட்பாரம்’ என்று ஒரு அரசியல் வலைப்பூ நடத்துகிறேன். ஊரெல்லாம் ஃபேஸ்புக், யூட்யூப் என்று ஓடின பிறகும், நாலு பத்தி உருப்படியாக எழுதிப் படிக்கிற கூட்டம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு யார் புதிதாக வந்தாலும் வாசலில் நின்று வரவேற்பது நான்தான். இந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

புதியவர் பதிவு போட்டதும் அதற்கு அடியில் முதல் பின்னூட்டம் என்னுடையதாக இருக்கும். ‘வாருங்கள், தொடர்ந்து எழுதுங்கள்’ என்று இரண்டு வரி. பிறகு போன் நம்பர் வாங்கி, தலைப்பு எப்படி வைப்பது, எத்தனை மணிக்குப் போட்டால் ஆபீஸ்காரர்கள் கண்ணில் படும், எவனாவது திட்டினால் எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை என் வலைப்பூவில் அவரைப் பற்றி ஒரு அறிமுகம் வரும். நாற்பது பேரையாவது இப்படிக் கைதூக்கி விட்டிருப்பேன். அதில் பாதிப்பேர் இன்று ரயிலில் பார்த்தால் செல்போனில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள்.

சத்யப்ரியா என்று ஒரு பெண் இருந்தாள். சிட்லபாக்கத்தில் டியூஷன் எடுப்பவள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதுவாள். பதினொரு பதிவு போட்டாள். என்னைத் தவிர ஒரு ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது. வாசகர்கள் வராததால்தானே போனாள், நாமே வாசகர்களைக் கொண்டுவந்து விட்டால் என்ன என்று தோன்றியது. அப்படிப் பிறந்தவர்கள்தான் அந்த ஒன்பது பேர்.

துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் ‘பாலைவனத்தான்’. எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கும் ‘ரிட்டயர்டு வாத்தியார்’. ‘மன்னார்குடி மைதிலி’. இன்னும் ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் தனி ஐடி, தனி நடை. மைதிலி பாசமாகப் பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று சுருக்கென்று குத்துவாள். பாலைவனத்தானுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு என்பதால் அன்றைக்கு மட்டும் வருவான். ஒன்பது பேரும் என் வீட்டு மாடி அறையில் ஒரே கம்ப்யூட்டரில் குடியிருந்தார்கள். இதில் தப்பு என்ன இருக்கிறது? கல்யாண வீட்டில் கூட்டம் குறைவாக இருந்தால் அக்கம்பக்கத்தவரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைப்பதில்லையா? நாலு பேரைப் பார்த்தால்தான் ஐந்தாவது ஆள் உள்ளே வருவான்.

ஆல்வின் வந்தது போன வருஷம் ஜூனில். இருபத்தெட்டு வயது. அனகாபுத்தூரில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு, மனைவி ஏஞ்சல். மேற்குத் தாம்பரத்தில் பத்திரப்பதிவு நடக்கிற இடத்துக்கு எதிரே ஒரு டி.டி.பி. கடையில் பத்திரம் டைப் அடிக்கிற வேலை. வலைப்பூவுக்கு ‘மூணாவது சந்து’ என்று பெயர் வைத்திருந்தான். சொந்தப் பெயர் போடாமல் ‘சந்துக்காரன்’ என்று எழுதினான். அவன் யார், எங்கே வேலை செய்கிறான் என்பது எங்கள் வட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவனுடைய முதல் பதிவு வெள்ளத்தைப் பற்றி. தண்ணீர் வடிந்த மறுவாரம் கட்சிக்காரர்கள் அவன் சந்துக்கு வந்து, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்து, அதற்கு ஒரு சாண் மேலே தங்கள் சின்னத்தை வரைந்துவிட்டுப் போனார்களாம். அடுத்த வெள்ளத்திலும் அழியக்கூடாது என்று அளந்து வரைந்தார்கள் என்று எழுதியிருந்தான். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு எழுந்துபோய் முகம் கழுவினேன். அந்த வரி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் எனக்கு அப்படி ஒன்று தோன்றியதில்லை.

ஆனாலும் குறை வைக்கவில்லை. முதல் பின்னூட்டம் போட்டேன். ஒன்பது பேரையும் அனுப்பிவைத்தேன். அவன் போன் பண்ணி, “அண்ணா, துபாய்லருந்துலாம் படிச்சிகினு கீறாங்கண்ணா, நம்பவே முடியல” என்றான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாவது மாதம் நிஜமான வாசகர்கள் வர ஆரம்பித்தார்கள். சேலையூரில் ஒரு மொட்டை மாடியில் பதிவர் சந்திப்பு நடந்தது. வழக்கம்போல நான்தான் ஏற்பாடு. நாற்காலி, டீ, போண்டா எல்லாம் என் செலவு. அங்கே எல்லோரும் புனைபெயரில்தான் கூப்பிட்டுக்கொள்வோம். சந்துக்காரன் வந்ததும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளமாறன் என்ற பையன் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். என்னிடம் வந்து, “சார், நீங்க சந்துக்காரனோட அப்பாங்களா?” என்று கேட்டான்.

“இல்ல தம்பி, நானும் எழுதறேன்.”

“அப்படியா சார், எந்தப் பேர்ல?” என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் யாரோ அவனுக்கு டீ கொடுத்தார்கள். திரும்பிவிட்டான். அன்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். ஆல்வினின் கடைசிப் பதிவுக்கு நாற்பத்து மூன்று பின்னூட்டம், அதில் ஒன்பதுதான் நம் ஆட்கள். என்னுடையதற்கு நான்கு. அந்த நான்கில் ஒன்று ஆல்வின் போட்டது, ‘அருமைண்ணா’ என்று.

வயிற்றெரிச்சலா என்று கேட்டீர்கள். ஆமாம், மறைக்க ஒன்றுமில்லை, எரிந்தது. ஆனால் அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஒருவனை எழுத்தில் வளர்ப்பது என்று இறங்கிவிட்டால் முழுசாக வளர்க்க வேண்டும்.

அப்போது அவன் ஒரு தாங்கலைப் பற்றித் தொடராக எழுதிக்கொண்டிருந்தான். நாலு ஏக்கர் இருக்கும் அந்தச் சின்ன ஏரி. மண் அடித்து, முப்பத்தாறு மனையாகப் பிரித்து விற்றிருந்தார்கள். பத்திரங்களை டைப் அடித்ததே அவன்தான் என்பதால் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் விற்ற ஆளை ‘ஒருவர்’ என்றே எழுதினான். அந்த ஒருவர் குப்புராஜ். மனை வியாபாரம், தண்ணீர் லாரி, கல்யாண மண்டபம், இரண்டு அடிதடி வழக்கு. அவரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

நான் ஒன்பது பேரையும் மறுபடி இறக்கினேன். ‘தம்பி, ஒருவர் ஒருவர் என்கிறாயே, அவருக்கு அப்பா அம்மா பெயர் வைக்க மறந்துவிட்டார்களா?’ என்று மைதிலி கேட்டாள். வாத்தியார் பத்திர எண் கேட்டார். ‘நீயும் மற்றவர்களைப் போல வாய்ச்சொல் வீரன்தானா?’ என்றான் பாலைவனத்தான். மூன்று வாரம் விடவில்லை. நிஜ வாசகர்களும் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள். நமக்கு ஆபத்து இல்லை என்றால் அடுத்தவனைத் தைரியமாக இருக்கச் சொல்வதில் யாருக்கும் கஞ்சத்தனம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை மதியம் ஆல்வின் செம்பாக்கத்துக்கே வந்துவிட்டான்.

“பேரு போடு, நம்பர் போடுன்னு பேஜார் பண்றாங்கண்ணா. நம்பர் போட்டா யாரு வெளிய வுட்டதுன்னு ரெண்டு நிமிஷத்துல கண்டுபுடிச்சிருவாங்க.”

“வேலை போயிடும்னு பயமா?”

“வேல போனா இன்னொரு கட. ஏஞ்சலுக்கு அஞ்சாம் மாசம்ணா. அதான் ரோசனையா கீது.” கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “நீங்க இன்னா சொல்றீங்க? நீங்க வேணாம்னா இப்பவே வுட்டுர்றேன்.”

“நான் என்ன சொல்றது? வாசகர்கள் கேக்கறாங்க. எழுதறவன் அவங்களுக்குத்தான் பதில் சொல்லணும்” என்றேன்.

காபியைக் குடித்து முடித்தான். டம்ளரை அவனே கழுவி வைத்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது, “மைதிலி அக்காவ ஒரு நாள் நேர்ல பாக்கணும்ணா” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை பெயரோடும் பத்திர எண்ணோடும் பதிவு வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டம். நாலு நாள் காத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. குப்புராஜுக்கு வலைப்பூ படிக்கிற பழக்கம் இல்லை, அவருடைய ஆட்களுக்கும் இல்லை. ஒரு எழுத்து யாரைப் பற்றியதோ அவரிடம் போய்ச் சேராமல் நூறு பேர் கைதட்டி என்ன பயன்?

பதிவை அச்செடுத்தேன். பத்திரிகைகளில் கட்டுரைக்கு அடியில் ‘எழுதியவரைப் பற்றி’ என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு வருமே, அந்த மரியாதையை ஆல்வினுக்கும் செய்தேன். முழுப்பெயர், வேலை செய்யும் கடை, வீடு இருக்கும் சந்து. காலை எட்டு மணிக்குக் கிளம்பி பம்மல் வழியாக வருவார் என்பது. பைக்கின் நிறம், நம்பர். ஞாயிற்றுக்கிழமை அறிமுகம் எழுதிப் பழகிய கை, ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டது. கவரில் போட்டு, மண்டபத்து வாட்ச்மேனிடம் முதலாளிக்கு என்று கொடுத்துவிட்டு வந்தேன். குப்புராஜ் வீட்டு பீரோவிலிருந்து நீங்கள் எடுத்த கவர் அதுதான். கையெழுத்தும் என்னுடையதுதான்.

இரண்டு அடி போட்டு மிரட்டி விடுவார்கள், எழுதுவதை நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன் என்று முந்தாநாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். அடிக்க வருகிறவனுக்குக் கடை முகவரி போதும். எத்தனை மணிக்கு எந்த ரோட்டில் எந்த பைக் என்று நான் எழுதினேன். குப்புராஜிடம் எத்தனை தண்ணீர் லாரி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்குப் பம்மலில் லாரி ஏறியது. முதலில் விபத்து என்றுதான் பதிவானது. நான் ஒரு அஞ்சலி எழுதினேன். இரண்டு நாளில் ஆறாயிரம் பேர் படித்தார்கள். அவ்வளவு பேர் என் வாசலுக்கு வந்ததே இல்லை. அத்தனை பேரும் நிஜம். இளமாறன்கூட வந்து, ‘நீங்க இவ்ளோ நல்லா எழுதுவீங்கன்னு தெரியாம போச்சே சார்’ என்று எழுதியிருந்தான். அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஏஞ்சலைப் பார்க்கப் போனேன். சந்துக்குள் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அந்தப் பெண் எனக்கு ஸ்டூல் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அழவில்லை. அழுது முடித்திருந்தாள் போல.

“அந்த ஒம்போது பேரும் நீங்கதான்னு அவருக்குத் தெரியும் சார்” என்றாள்.

நான் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினேன்.

“ரெண்டாவது மாசமே தெரியும். நீங்க போடறதும் அந்த ஒம்போது பேரு போடறதும் ஒரே கம்ப்யூட்டர்லருந்து வருதுன்னு எங்கிட்ட காட்னாரு. நான் கூட இன்னாடா இது ஏமாத்து வேலன்னேன். சிரிச்சாரு. ‘எங்கப்பா கூட எனக்காக இவ்ளோ மெனக்கெட்டது இல்ல, அண்ணன் ஒம்போது பேரா வந்து என்ன தூக்கி வுட்டுகினு கீறாரு, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, மனசு கஷ்டப்படுவாரு’ன்னாரு.”

சுவரில் பழைய வெள்ளத்தின் கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது. அவளே தொடர்ந்தாள்.

“பேரு போட வேணாம்னு அவரு காலப் புடிச்சி அழுதேன் சார். ‘வேற யாரு கேட்டாலும் போட மாட்டேன், கேக்கறது அண்ணன். அவருக்குத் தெரியாததா? நம்மள வுட்டுருவாரா?’ன்னுட்டாரு.”

எழுந்து வந்தேன். வழியெல்லாம் மனசு பாரமாகத்தான் இருந்தது. ஆனால் செம்பாக்கம் வந்து சேர்வதற்குள் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. உங்களிடம் இன்று இவ்வளவு நிதானமாக எழுதித் தர முடிகிறதென்றால் அதனால்தான்.

மேடம், கொலை வழக்காக மாற்றி எழுதிய எஃப்.ஐ.ஆரை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். கவர், குறிப்பு, லாரி எல்லாம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ‘பொய்ப் பெயர்களில் எழுதி, அவர்கள் உண்மையான வாசகர்கள் என்று இறந்தவரை நம்பவைத்து ஏமாற்றி’ என்று ஒரு வரி வருகிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவன் மனைவியே சொல்கிறாள். நான் அவனை ஏமாற்றவில்லை.