மெழுகுக் கை

சாயங்காலம் ஆறரை மணி. ஹெப்பகோடி ஏரிக்குப் பின்னாடி, மூடிக் கெடக்குற ஊதுபத்தி கம்பெனியச் சுத்திக்கிட்டு ஒரு மண் ரோடு போகும். பகல்லயே அங்க ஆள் நடமாட்டம் கெடையாது. அன்னைக்கு மழை வேற... சன்னமா, சத்தமே இல்லாம. அந்த ரோட்டுல ஒருத்தி மட்டும் குடையப் புடிச்சுக்கிட்டு போறா.

கிட்ட வந்து உக்காருங்க எல்லாரும். கரண்ட் வர்ற வரைக்கும்தான் சொல்லுவேன். கதவு தெறந்திருந்தா இருக்கட்டும், இப்ப யாரும் எந்திரிக்காதீங்க.

நம்ம தையல் ஃபேக்டரி சூப்பர்வைசர் தமயந்தி அக்கா இருக்காங்கல்ல, அவங்க தம்பி நரேஷோட பொண்டாட்டிதான் அவ. பேரு சங்கமித்ரா. படம் வரையறவ. பூவும் வரைய மாட்டா, சாமியும் வரைய மாட்டா. மனுஷ உடம்போட உள்பக்கம்தான். நெஞ்செலும்பு, ஈரல், முழங்கால் நரம்பு... அதுவும் மெழுகுல. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சட்டியில உருக்கி, கலர்ப்பொடி கலந்து, ஆறிப்போறதுக்குள்ள மரப்பலகையில பூசணும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஹீட் கன்னால அனல் காட்டினாத்தான் அடிப்பூச்சோட ஒட்டும். அடியில வரைஞ்ச நரம்பு மேல மங்கலாத் தெரியும். நம்ம தோலுக்குக் கீழ தெரியுதே, அதே மாதிரி.

இதெல்லாம் வீட்டுல வெக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. அதனால அந்த ரோட்டுக் கடைசியில ஒரு தகர ஷெட்ட வாடகைக்கு எடுத்திருந்தா. மொதமொதலா ஒரு கேலரியில அவ படங்கள வெக்க ஒத்துக்கிட்டாங்க. அதுக்காக எத்தனையோ வருஷம் அலைஞ்சவ.

ஊருக்கு வெளிய ஒரு மெடிக்கல் காலேஜ். அங்க பர்மிஷன் வாங்கி, பசங்க அறுத்துப் படிக்கற ஹாலுக்குப் போனா. தோல் உரிச்சு வெச்சிருந்த ஒரு பொம்பளையோட வலது கை... அத உக்காந்து வரைஞ்சா. ஹாலப் பாத்துக்கறவரு சின்னப்பான்னு ஒரு பெரியவரு. எவ்ளோ நேரம் வேணாலும் வரைஞ்சுக்கோம்மா, பேரு மட்டும் கேக்காதன்னாரு. இவளும் கேக்கல. கும்பிட்டுட்டு வந்துட்டா.

ஷெட்டுல ஒக்காந்து அந்தக் கைய மெழுகுல கொண்டு வந்தா. செவப்புத் தசை, வெள்ளை நார், நீல நரம்பு. அவ பண்ணினதுலயே அதுதான் நல்லா வந்துச்சு.

நான் சொன்ன அந்த மழை நாள்ல ஷெட்டத் தெறக்கறா... கை மேல வெள்ளையா ஒரு படலம். குளிர் பட்டா மெழுகு இப்படி வெளுத்துப் பூக்கும், அது சகஜம். துணியால தேச்சாப் போயிடும். தேச்சா. போகல.

மறுநாள் வந்து பாத்தா அது படலம் இல்ல.

தோல்.

மாநிறத் தோல். விரல் கணுவுல சுருக்கம். புறங்கையில பொடிப் பொடியா முடி. ஆள்காட்டி விரல் நகத்துக்கு நடுவுல கறுப்பா ஒரு புள்ளி. இது எதையும் இவ வரையல. பூட்டப் பாத்தா, போட்ட மாதிரியே இருக்கு. சாவி ஒண்ணுதான், அது இவ பையில.

நரேஷ் கிட்ட சொன்னா. தூக்கம் கெட்டா இப்படித்தான், நீயே பூசிட்டு மறந்திருப்பேன்னான். அப்படித்தான் இருக்கும்னு இவளும் நெனச்சுக்கிட்டா. கேலரிக்கு அனுப்பற நாள் நெருங்குது. பிளேட எடுத்து சுரண்ட ஆரம்பிச்சா...

சுருள் சுருளா வந்துச்சு. தேன் வாசனை வரணும். வரல. அந்த ஹாலோட வாசனை வந்துச்சு. மூக்குக்குள்ள எரியுமே, அந்த மருந்து வாசனை. சுரண்டினத சட்டியில போட்டா. மெழுகுன்னா உருகணும்ல? உருகல. சுருங்குச்சு... முடி கருகுற நாத்தம்.

ஸ்டவ்வ அணைச்சுட்டு ஓடி வந்துட்டா.

மறுபடி போனப்ப தோல் திரும்ப வந்திருந்துச்சு. அது மட்டும் இல்ல. விரலெல்லாம் நீட்டித்தான் வரைஞ்சிருந்தா. இப்ப மடங்கி இருக்கு. அடிக்க வர்றவங்களப் பாத்தா நாம கைய இழுத்துக்கறோமே... அப்படி. இவளுக்கு பிளேடத் தொட மனசு வரல. அங்கயே தரையில உக்காந்து அழுதாளாம். பயத்துல இல்லையாம். ஒரு பொம்பளைய அடிச்சுட்ட மாதிரி இருந்துச்சாம்.

தமயந்தி அக்காவுக்கு ஃபோன் போட்டா. அக்கா ஞாயித்துக்கிழமை பகல்ல வந்தாங்க. பலகையப் பாத்தாங்க. கிட்டப் போய் அந்த நகத்தப் பாத்தாங்க.

"இது சின்னத்தாயி கை, மித்ரா. மிஷின் ஊசி இந்த நகத்துல எறங்குனப்ப, விரலப் புடிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவ நான்தான்."

நம்ம லைன்ல பழைய ஆளுங்களுக்கு சின்னத்தாயிய ஞாபகம் இருக்கும். காலர் தெக்கறவங்க. போன வருஷம் நெஞ்சு வலியில போயிட்டாங்க. ஒரே பொண்ணு, மகா. அப்ப கோயம்புத்தூர்ல வேலையில இருந்தா. அவ வந்து சேர்றதுக்குள்ள தாய்மாமன் ஒடம்ப அதே மெடிக்கல் காலேஜுக்குக் குடுத்துட்டாரு. எங்க அக்கா சின்னத்தாயியோட ஆசை இதுதான்னாரு. எங்கம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லன்னு மகா கத்தினா. யாரு கேட்டா? மொகத்தக்கூட பாக்க முடியல. காலேஜ் கேட்டுல போய் நின்னா, உள்ள விடல. அதுக்கப்புறம் பொம்மனஹள்ளியில ஒரு ரூம் எடுத்து, தனியாத்தான் இருக்கா.

அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும்னாங்க அக்கா. சங்கமித்ரா தயங்கினா. என்னன்னு சொல்றது? உங்கம்மா தோல நான் பிளேடால சுரண்டினேன்னா? ஆனா சொல்லாம இருக்கவும் முடியல. சொல்லி அனுப்பினாங்க.

மகா வந்தா. அழல. பலகைக்கு முன்னாடி முட்டி போட்டு ஒக்காந்து, கன்னத்த அந்தக் கை மேல வெச்சுக்கிட்டா. அப்படியே கண்ண மூடிட்டா. சங்கமித்ராவுக்குத் தாங்கல. தெரியாம பிளேடால சுரண்டிட்டேம்மான்னு சொல்லிட்டா.

மகா கண்ணத் தெறக்காமயே சொன்னா. "தெரியும்க்கா. அம்மா எரிஞ்சுதுன்னாங்க."

தமயந்தி அக்கா சங்கமித்ராவோட கையப் புடிச்சுக்கிட்டாங்க.

கேலரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு சங்கமித்ரா பலகைய அவகிட்டயே குடுத்துட்டா. ஒரு போர்வையில சுத்தி, கொழந்தைய மடியில வெச்சுக்கற மாதிரி ஆட்டோவுல வெச்சுக்கிட்டுப் போனா மகா. அன்னைக்குத்தான் சங்கமித்ரா நல்லாத் தூங்கினா. கண்காட்சியும் நடந்துச்சு, அந்த ஒரு படம் இல்லாம. நல்லபடியாத்தான் நடந்துச்சு.

கொஞ்ச நாள் போச்சு. மகா வேலைக்கே போறதில்லன்னு தமயந்தி அக்கா காதுக்கு வந்துச்சு. மனசு கேக்காம சங்கமித்ரா பாக்கப் போனா. நல்ல மத்தியானம். மாடியில ஒத்த ரூம். ஜன்னலெல்லாம் சாத்தி, சேலையப் போட்டு மறைச்சிருக்கு. உள்ள தேன்மெழுகு வாசனை... கூடவே தேங்கா எண்ணெ வாசனை.

கட்டில்ல தலகாணி மேல பலகையச் சாய்ச்சு வெச்சிருக்கா. மணிக்கட்டு வரைக்கும் போர்வை போத்தி விட்டிருக்கா, யாரோ படுத்திருக்கற மாதிரி. மடங்கின விரல் இப்ப விரிஞ்சிருக்கு. விரல் இடுக்குல எண்ணெ பளபளக்குது.

மகா கட்டிலுக்குக் கீழ, பலகைக்கு முதுகு காட்டி ஒக்காந்திருந்தா. தலைமுடிய அவுத்து விட்டிருந்தா. ஒரு பக்கம் மட்டும் சீவி, எண்ணெ வெச்சு, மூணாப் பிரிச்சு... அப்படியே விட்டிருக்கு. முடிக்கு நடுவுல அங்கங்க வெள்ளையா மெழுகு. மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

"அக்கா, ஒரு கையால ஜடை போட வரலன்னு அம்மா அழறாங்க. இன்னொரு கையையும் வரைஞ்சு குடுங்கக்கா."

சங்கமித்ரா பின்னாடியே நகந்து நகந்து வாசலுக்கு வந்துட்டா. செருப்பக் கையில எடுத்துக்கிட்டு எறங்கறா... உள்ள மகா பேசறது கேக்குது. இவகிட்ட இல்ல. அழற பிள்ளையத் தேத்தற மாதிரி, மெதுவா.

"தருவாங்க... கொஞ்சம் பொறுத்துக்கோ."

அன்னையோட சரி. சங்கமித்ரா மெழுகத் தொடல. சட்டி, ஹீட் கன் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஷெட்டயும் காலி பண்ணிட்டா. இப்ப ஒரு ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு பென்சில் டிராயிங் சொல்லிக் குடுக்கறா. உடம்பு மட்டும் வரையறதில்ல.

போன வாரம் தமயந்தி அக்கா மகாவப் பாத்தாங்களாம். பொம்மனஹள்ளி பஸ் ஸ்டாப்புல, காலையில. வேலைக்குக் கெளம்பி நின்னாளாம். நல்லாத்தான் இருக்காளாம், நல்லா இருக்கீங்களாக்கான்னு கேட்டாளாம். நேர் வகிடு எடுத்து, ரெட்டை ஜடை... ஒரு பிசிறு இல்லாம, இறுக்கமாப் பின்னி, மடிச்சுக் கட்டி விட்டிருந்துச்சாம்.

யாரு பின்னி விட்டதுன்னு அக்கா கேக்கல.

சங்கமித்ரா இன்னைக்கு வரைக்கும் அந்த இன்னொரு கைய வரையவே இல்ல.