வியாகுல மாதாவின் முகம்

சாமி, நான் பாவசங்கீர்த்தனம் செய்து ஒன்பது மாதமாகிறது. தாராவியிலிருந்து செம்பூர் வருவதற்குள் டிராஃபிக்கில் பாதி நாள் போய்விடுகிறது.

உங்கள் கோயிலுக்கு வியாகுல மாதா சுரூபம் செய்தவன் நான்தான் என்று குரலிலேயே தெரிந்திருக்கும். கம்ப்யூட்டரில் செதுக்கி, 3D பிரிண்டரில் எடுத்த முதல் முகத்தைப் பார்த்துவிட்டு, "மகனப் பறிகொடுத்தவ மாதிரி இல்லியே, பஸ்ஸ விட்டவ மாதிரில்லா இருக்கு" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நியாயமான பேச்சு.

கம்ப்யூட்டருக்குத் துக்கம் தெரியாது. நிஜ முகம் வேண்டும். என் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் கலைச்செல்விக்கு ஒரே மகன், ஜெரின். சரக்குக் கப்பலில் இருக்கிறான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதால், சேதி என் வழியாக வந்தால் நம்புவாள். அவளை உட்காரவைத்து, மகன் கடலில் விழுந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்றேன்.

போனில் முகத்தை ஸ்கேன் செய்ய, ஆள் நாற்பது விநாடி அசையக் கூடாது. அவள் அசையவில்லை. நான் போனைப் பிடித்தபடி சுற்றி வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஸ்கேன் சுத்தமாக வந்தது.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். சுரூபத்துக்கு வர்ணம் கொடுத்தவளும் அவள்தான்.

"அண்ணாச்சி, இந்த மொகத்த எங்கயோ பாத்தாப்புல இருக்கு."

"மாதா மொகம் எல்லாருக்கும் அப்படித்தாம்மா தோணும்" என்றேன்.

ஜெரின் நேற்றும் கூப்பிட்டான். நன்றாக இருக்கிறான். அம்மா போன் ரிப்பேரில் இருப்பதாகச் சொன்னேன். துக்கம் கேட்டு ஆட்கள் தொந்தரவு செய்வார்களே என்று அன்றைக்கே அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு ஆத்துமப் பூசை வைக்கச் சொல்லி உங்களிடம் கேட்டிருக்கிறாள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. உயிரோடு இருப்பவனுக்கு அந்தப் பூசை வைப்பது பாவமில்லையா? அந்த ஒரு பாவத்துக்கு மன்னிப்புக் கொடுங்கள்.

மற்றதை நீங்கள் வெளியே சொல்ல முடியாது. அதனால்தான் இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டுச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு, உயிர்த்த மகனைப் பார்க்கும் மாதா வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தவர் நீங்கள். மகன் உயிரோடிருக்கிறான் என்று ஒரு தாயிடம் ஒரு தடவைதான் சொல்ல முடியும். சந்தோஷத்தில் அவள் நாற்பது விநாடி அசையாமல் இருக்க மாட்டாள்; நொடியில் முகத்தை எடுக்கும் புது ஸ்கேனர் வர இன்னும் மூன்று வாரம் ஆகும்.

அதுவரை நீங்கள்தான் அவளைத் தேற்ற வேண்டும், சாமி.