மூன்றாவது வாசகர்

தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. கல்லூரி ஓய்வறையில் இதைவிட மோசமான தேநீரைக் குடித்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் சமூகவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். குறுக்கே கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டால் சீக்கிரம் முடித்துவிடலாம்.

என் தங்கையின் கணவருக்கு மருந்துக்கடை. எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். தலைவலி என்று வருகிறவர்களையும் சிரிக்கவைத்துத்தான் அனுப்புவார். மாப்பிள்ளை என்றால் ஊருக்கே பிரியம். எனக்கும்தான்.

நான் ஒரு புத்தகம் எழுதினேன். மனிதன் தன்னை இன்னார் என்று தெரிந்துகொள்வது எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் என்பது அதன் சாரம். நாலு பேர் முட்டாள் என்று பார்த்தால் அறிவாளிக்கும் தன்மேல் சந்தேகம் வரும். வெளியீட்டு விழாவில் மாப்பிள்ளையை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள்.

"மச்சானோட புத்தகத்த இதுவரைக்கும் மூணு பேர் படிச்சிருக்கோம். எழுதினவர், ப்ரூஃப் பார்த்தவர், அப்புறம் நான். ப்ரூஃப் பார்த்தவர் இன்னும் மெடிக்கல் லீவுல இருக்கார்."

அரங்கம் அதிர்ந்தது. இரண்டாவது வரிசையில், இடப்பக்கம் நான்காவது நாற்காலியில் என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்போது மணி ஐந்து நாற்பது. நானும் சிரித்தேன். மேடையில் இருக்கிறவன் மனசில் என்ன இருந்தாலும் சிரித்தாக வேண்டும், அது ஆறாம் அத்தியாயம். இதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் புத்தகத்தைப் படித்தார் என்பதைத்தான் நான் நம்பவில்லை. படித்திருந்தால், சுற்றியிருப்பவர்கள் ஒருவனைத் தன்மேலேயே சந்தேகப்பட வைப்பது எப்படி என்று சொல்லும் நான்காம் அத்தியாயத்தைத் தாண்டியிருப்பார். தாண்டியிருந்தால் தப்பித்திருப்பார்.

ஒரு மாதம் கழித்துத் தங்கையைத் தனியாக அழைத்து உட்காரவைத்தேன்.

"மாப்பிள்ளைக்கு மறதி ஆரம்பிச்சிருக்கும்மா."

"என்னண்ணா சொல்ற? அவருக்கா? என் பிளவுஸ் அளவக்கூட டெய்லருக்கு அவர்தான் சொல்றார்."

"ஆரம்பத்துல அப்படித்தாம்மா இருக்கும். தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார். காட்டிக்காம, பக்குவமா நடந்துக்கணும்."

அவள் நம்பவில்லை. கண்கலங்கிக் காட்டினேன், நம்பிவிட்டாள். பக்குவம் என்பது இவ்வளவுதான்: அவர் ஏதாவது சொன்னால் உடனே பதில் சொல்லக் கூடாது. மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ண வேண்டும். தலையை லேசாகச் சாய்த்து, "பரவாயில்ல, விடுங்க" என்று கனிவாகச் சொல்ல வேண்டும். கடையில் மாத்திரை எடுத்துக்கொடுக்கும் பெண்ணுக்கும், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளருக்கும் இதையே தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் நல்லவர்கள். ஒருவரைப் பார்த்துப் பரிதாபப்படுங்கள் என்றால் மனிதர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு உற்சாகம் வருகிறதோ.

முதல் வாரம் அவர், "என்ன எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்தவங்க மாதிரி பார்க்கறீங்க?" என்று கேலி செய்தார். எல்லோரும் தலையைச் சாய்த்தார்கள். மூன்றாவது வாரம் மருந்துச்சீட்டை இரண்டு முறை படிக்க ஆரம்பித்தார். பிறகு தட்டுகளில் பெயர் எழுதி ஒட்டினார். கடையைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு நடந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். ஜோக் சொல்வது நின்றது. இரண்டாம் மாதக் கடைசியில் சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கல்லூரியில் என் கருத்துக்கு ஆதாரம் போதாது என்று சொன்னவர்களை அப்போது நினைத்துக்கொண்டேன்.

தங்கைதான் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று நின்றாள். முடிவை நான் போய் வாங்கி வந்தேன். ஞாபகசக்தியில் எந்தக் குறையும் இல்லை, வயதுக்கு மிக நன்று என்று எழுதியிருந்தது. வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அண்ணா, ரிப்போர்ட் வந்துச்சா?"

ஒன்று, இரண்டு எண்ணினேன். தலையைச் சாய்த்து அவள் தோளில் கை வைத்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை அவர்கள் அலமாரியில் இருந்த என் புத்தகத்துக்குள் வைத்தேன். அந்த வீட்டில் யாரும் கை வைக்காத இடம் அதுதான்.

இனி நீங்கள் கேட்கிற அந்தக் காலை. தங்கை கடைக்குப் போயிருந்தாள், அவருக்குத் துணையாக நான் வந்திருந்தேன். மாப்பிள்ளை எட்டு மணிக்கு என் எதிரில்தான் இதய மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். கால் மணி நேரம் கழித்து வந்தார்.

"மச்சான், காலைல மாத்திரை போட்டேனா?"

மருந்தே தொழிலாக இருந்தவர். அந்த மாத்திரையை இரண்டாம் முறை போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சின்னப் பிள்ளை பரீட்சை முடிவுக்கு நிற்பது போல நின்றார். எனக்கு அவர்மேல் நிஜமாகவே பாசம் வந்தது.

"பரவாயில்ல மாப்பிள்ளை, விடுங்க" என்றேன்.

போய்ப் போட்டுக்கொண்டார். அன்று காலை அவர் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் அதையேதான் சொன்னேன். போடவில்லை என்று ஒரு தடவையாவது சொன்னேனா? பத்தரை மணிக்கு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

துக்கம் தாங்காமல், அண்ணன் எழுதியதில் ஏதாவது ஆறுதல் இருக்கும் என்று தங்கை அந்தப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். நான்காம் அத்தியாயத்தில் ரிப்போர்ட் இருந்தது. இரண்டையும் முழுக்கப் படித்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். ஆக, எழுதினவன், ப்ரூஃப் பார்த்தவர், என் தங்கை. மாப்பிள்ளை சொன்ன மூன்று சரியாகத்தான் வந்திருக்கிறது.

வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். என் முகத்தைப் பார்க்க மாட்டாளாம். சரி, நீங்களே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். புத்தகம் எப்படி இருந்ததாம்?